பல் துலக்கும் பிரஷ்ஷைக் காயவைப்பது எப்படி

காலையில் பல் துலக்கிய பிரஷ்ஷை மதியம் ஒருமுறை கையில் எடுங்கள். நார் நுனியைத் தொட்டால் காய்ந்துதான் இருக்கும். அதைப் பழைய செய்தித்தாளின் அச்சில்லாத ஓரத்தில் கவிழ்த்து வைத்து, பின்புறத்தைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்திப் பத்து வினாடி கழித்துத் தூக்கிப் பாருங்கள். பல வீடுகளில் தாளில் ஈரப் புள்ளிகள் விழும். நார்க்கொத்துகளின் அடியில் காலையிலிருந்து தேங்கிக் கிடந்த தண்ணீர் அது.

பிரஷ் சுத்தம் என்றதும் வெந்நீர், டெட்டால், மூடி போட்ட டப்பா, நீல விளக்குப் பெட்டி என்று பலவும் நினைவுக்கு வரும். இவற்றில் பெரும்பாலானவை தேவையில்லை. சில கெடுதலும் செய்யும். அடுத்த முறை எடுக்கும்போது பிரஷ் அடிவரை காய்ந்திருக்க வேண்டும் என்பதே முக்கியம். வாயிலிருந்து வரும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஈரத்தில்தான் பெருகும். நன்றாகக் காய்ந்த நைலான் நாரில் அவற்றுக்கு வாழ்வு குறைவு.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று சொன்ன காலத்தில் இந்தக் கவலையே கிடையாது. வேப்பங்குச்சியை மென்று துலக்கியதும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். மறுநாள் புதுக் குச்சி. பிரஷ் அப்படியல்ல, மூன்று மாதம் நம்மோடு இருக்கும். குச்சிக்குத் தேவைப்படாத பராமரிப்பு பிரஷ்ஷுக்குத் தேவைப்படுவது அதனால்தான்.

எவ்வளவு பயப்பட வேண்டும்?

நம் வாயில் வாழும் நுண்ணுயிர் வகைகள் எழுநூறு அளவில் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். துலக்கும்போது அவற்றில் ஒரு பங்கு பிரஷ்ஷுக்குப் போகும், திரும்ப வாய்க்கே வரும். பற்சொத்தையை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸும், வாயில் வெள்ளைப் படலம் பிடிக்க வைக்கும் கேண்டிடா பூஞ்சையும் இதில் அடங்கும். கடையில் வாங்கும் புதுப் பிரஷ்கூட கிருமியே இல்லாமல் வருவதில்லை. பாக்கெட்டில் அடைத்திருப்பது தூசி படாமல் இருக்கத்தான்.

நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவருக்கு அவருடைய சொந்தப் பிரஷ்ஷில் உள்ள கிருமியால் நோய் வந்ததாக நிரூபணம் இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அன்றாடம் மருந்தில் ஊறவைக்கத் தேவையில்லை என்றே சொல்கின்றன. நன்றாக அலசி, நிமிர்த்தி வைத்து, காற்றில் காயவிடச் சொல்கின்றன. கூடுதல் கவனம் வேண்டியவர்கள் புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் உள்ளவர்கள், ஈறில் ரத்தம் கசிபவர்கள். அவர்களுக்கான முறை பின்னால் வருகிறது.

அழுக்கு ஒளியும் இடம்

பன்றி முடியில் செய்த பிரஷ்தான் ஒரு காலத்தில் வழக்கம். அந்த முடி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. 1938இல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் நைலான் நார் வைத்த பிரஷ் விற்பனைக்கு வந்தது. நைலான் நார் மிகக் குறைவாகவே தண்ணீரை உறிஞ்சும். அதனால் இன்றைய பிரஷ்ஷில் சிக்கல் நாரில் இல்லை, நார் நட்டிருக்கும் குழியில் இருக்கிறது.

பிரஷ் தலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வரிசையாகச் சிறு குழிகள் தெரியும். சாதாரணப் பிரஷ்ஷில் ஒரு கொத்து நாரை இரண்டாக மடித்து, மடிப்பில் ஒரு துளி உலோகத் துண்டைக் கொடுத்து, குழிக்குள் அடித்து இறக்கியிருப்பார்கள். குழியின் சுவருக்கும் நாருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். பேஸ்ட், எச்சில், உணவுத் துணுக்கு, தண்ணீர் எல்லாம் போய்ச் சேரும் இடம் அதுதான். நாள்பட்ட பிரஷ்ஷில் அந்த வட்டங்களைச் சுற்றி மஞ்சளாகவோ கறுப்பாகவோ விளிம்பு கட்டியிருந்தால், அங்கே ஈரம் தங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆகவே வாங்கும்போதே யோசித்து வாங்குங்கள். 'சாஃப்ட்' என்று போட்ட மென்மையான நார், சிறிய தலை, வெள்ளை அல்லது வெளிர் நிற அடிப்பகுதி இருந்தால் போதும். ரப்பர் இறக்கை, பின்புறத்தில் நாக்கு வழிக்க மேடு பள்ளம், கைப்பிடியில் பள்ளம் பள்ளமாக ரப்பர் உறை வைத்தவற்றில் அழுக்கு தங்க இடம் அதிகம். கரி கலந்த கறுப்பு நார் பிரஷ்ஷில் அழுக்கு கண்ணுக்கே தெரியாது. விலை கூடிய பிரஷ்ஷை எட்டு மாதம் வைத்திருப்பதைவிட, எளிய பிரஷ்ஷை வாங்கி மூன்று மாதத்தில் மாற்றுவது எவ்வளவோ மேல்.

துலக்கும் முன்

முதலில் கையைக் கழுவுங்கள். கழிவறைக்குப் போய்விட்டு வந்த கையோடு பிரஷ்ஷை எடுப்பது பல வீடுகளில் காலை வழக்கமாகவே இருக்கிறது. அடுத்து, இரவெல்லாம் வெளியில் இருந்த பிரஷ்ஷைக் குழாய்த் தண்ணீரில் ஐந்து வினாடி காட்டுங்கள். தூசி போகும்.

பேஸ்ட் வைக்கும்போது ட்யூபின் வாய் நாரில் பட வேண்டாம். நாலு பேர் ஒரே ட்யூபை நாரில் தேய்த்துத் தேய்த்து எடுத்தால் நாலு பிரஷ்ஷுக்கும் அந்த வாய் பாலம் ஆகிவிடும். ஒரு விரல்கடை மேலே பிடித்துப் பிதுக்கினால் போதும். பெரியவர்களுக்குப் பட்டாணி அளவு, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு. வீட்டில் யாருக்காவது காய்ச்சலோ தொண்டை வலியோ இருந்தால் அவருக்குத் தனியாக ஒரு சின்ன ட்யூப் வாங்கிவிடுங்கள்.

துலக்கிய பின் அலசுவது

பாதிப் பேர் தவறு செய்யும் இடம் இது. வாய் கொப்பளித்து முடித்ததும் பிரஷ்ஷை மக்கில் முக்கி இரண்டு ஆட்டு ஆட்டி எடுப்பார்கள். மக்கில் உள்ள தண்ணீர் முதல் ஆட்டிலேயே பேஸ்ட் நுரையோடு கலங்கிவிடும். அந்தக் கலங்கலே நாரில் திரும்ப ஒட்டும். கழிவறைக்கும் அதே மக், குளிக்கவும் அதே மக் என்றால் நிலைமை இன்னும் மோசம். குழாய் இல்லாத இடத்தில் ஒரு டம்ளரில் சுத்தமான தண்ணீர் எடுத்து, சிறுகச் சிறுகப் பிரஷ் மேல் ஊற்றுங்கள். முக்காதீர்கள்.

குழாயடியில் செய்யும் முறை இதுதான். நார் மேல்நோக்கி இருக்கும்படி பிரஷ்ஷைப் பிடித்து, தண்ணீர் நேராகக் கொத்துகளின் நடுவே விழும்படி காட்டுங்கள். கழுவிய கட்டைவிரலால் நாரை முன்னே ஒருமுறை, பின்னே ஒருமுறை, இடது வலது என்று நான்கு பக்கமும் மடக்குங்கள். மடக்கும்போதுதான் கொத்துகளின் அடி திறக்கும். வெள்ளையாகப் பேஸ்ட் கரைந்து வருவதைப் பார்க்கலாம். அது நின்று தெளிந்த தண்ணீர் வரும்வரை, பதினைந்து இருபது வினாடி இப்படிச் செய்யுங்கள். தலையின் பின்புறத்தையும் கழுத்தையும் விரலால் ஒரு தேய். குழாயை முழுக்கத் திறக்க வேண்டாம், பென்சில் பருமனில் தண்ணீர் வந்தால் போதும்.

அடுத்தது உதறல். பிரஷ்ஷை வாஷ்பேசினுக்குள் தாழ்த்திப் பிடித்து, மணிக்கட்டால் ஐந்தாறு முறை வேகமாக உதறுங்கள். காய்ச்சல் பார்க்கும் பழைய பாதரசக் கம்பியை உதறுவார்களே, அந்த மாதிரி. ஒவ்வொரு உதறலிலும் துளிகள் தெறிக்கும். துளி வருவது நின்றதும் நிறுத்தலாம். இந்த ஒரு பழக்கமே காயும் நேரத்தைப் பெருமளவு குறைக்கும். வாஷ்பேசின் விளிம்பில் தட்டித் தண்ணீரை இறக்குவது சரியில்லை. எச்சிலும் கைகழுவிய அழுக்கும் படிந்த இடம் அது. குளித்துவிட்டுத் துவட்டிய துண்டால் நாரைத் துடைப்பதும் வேண்டாம். துண்டில் உள்ளது நாருக்கு வந்துவிடும்.

எங்கே வைப்பது?

கழிவறையோடு சேர்ந்த குளியலறையில், கழிப்பறைப் பீங்கானுக்கு மேலே உள்ள அலமாரியில் பிரஷ் ஸ்டாண்ட் மாட்டுவது இப்போது அடுக்குமாடி வீடுகளில் சாதாரணம். இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். ஃப்ளஷ் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் மேலே எழும். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தினர் பச்சை லேசர் ஒளி பாய்ச்சி இதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். மூடி இல்லாத கழிப்பறையில் ஃப்ளஷ் செய்த எட்டு வினாடிக்குள் துளிகள் 1.5 மீட்டர் உயரம் வரை எழுந்தன. கனமானவை விரைவில் கீழே படிந்துவிடும், மிக நுண்ணியவை காற்றிலேயே மிதக்கும். மூடியைப் போட்டுவிட்டு ஃப்ளஷ் செய்வது நல்ல பழக்கம்தான். ஆனால் மூடிக்கும் இருக்கைக்கும் இடையே உள்ள சந்து வழியாகவும் காற்று வெளியேறும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. இந்திய முறைக் கழிப்பறைக்கு மூடியே கிடையாது.

நல்ல வேளையாக, நம் ஊர் வீடுகளில் சாப்பாட்டு ஹாலிலோ கொல்லைப்புறத்திலோ தனியாக ஒரு வாஷ்பேசின் இருக்கும். பிரஷ்ஷுக்கு ஏற்ற இடம் அதுதான். கழிவறை தள்ளி இருக்கும், காற்று ஓடும். அந்த வசதி இல்லாத வீட்டில் படுக்கையறை ஜன்னல் பக்கம் ஒரு ஸ்டாண்ட் மாட்டுங்கள். குளியலறைதான் ஒரே வழி என்றால், பீங்கானிலிருந்து முடிந்தவரை தள்ளி, ஜன்னலுக்கோ எக்ஸாஸ்ட் ஃபேனுக்கோ அருகில், ஷவர் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வையுங்கள். குளித்து முடித்ததும் கதவைத் திறந்து வைத்தால் நீராவி வெளியேறும்.

வெயிலில் வைக்கலாமா என்றால், காலை வெயில் அரை மணி நேரம் படுவது நல்லது, சீக்கிரம் காயும். நாள் முழுக்க மொட்டை மாடி வெயிலில் கிடந்தால் கைப்பிடி வெளுத்து நொறுங்கத் தொடங்கும். சாலையைப் பார்த்த ஜன்னல் என்றால் தூசியையும் கணக்கில் கொள்ளுங்கள்.

டம்ளரும் ஸ்டாண்டும்

குடும்பத்துப் பிரஷ்கள் எல்லாம் ஒரே டம்ளரில் தலையோடு தலை உரசி நிற்பது தவறு. ஒருவர் நாரில் உள்ளது அடுத்தவர் நாருக்குப் போக வேறு வழியே தேவையில்லை. தலைகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும்.

இடைவெளியைவிடப் பெரிய தொல்லை டம்ளரின் அடி. பிரஷ்ஷிலிருந்து வழியும் தண்ணீர் அடியில் சேர்ந்து இரண்டு மூன்று நாளில் வழவழவென்று படலம் கட்டும். விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் தெரியும். 2011இல் அமெரிக்காவில் பொதுச் சுகாதாரத் தரங்களைச் சோதிக்கும் என்.எஸ்.எஃப். அமைப்பு வீடுகளில் கிருமி அதிகமுள்ள இடங்களைச் சோதித்தபோது பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச், சமையலறைத் தொட்டி இரண்டுக்கும் அடுத்த மூன்றாவது இடத்தில் வந்தது பிரஷ் வைக்கும் ஸ்டாண்ட்தான்.

அடி திறந்த ஸ்டாண்டாகப் பார்த்து வாங்குங்கள். சுவரில் மாட்டி, தனித்தனி வெட்டுகளில் பிரஷ் கழுத்து தொங்குகிற வகை நல்லது. வாங்க மனமில்லை என்றால் பழைய பிளாஸ்டிக் டம்ளர் போதும். ஆணியை இடுக்கியால் பிடித்துச் சூடாக்கி, டம்ளரின் அடியில் ஐந்தாறு ஓட்டையும் பக்கத்தில் இரண்டு வரிசை ஓட்டையும் போடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பிளாஸ்டிக் புகை நல்லதல்ல. டம்ளரைத் தட்டையாக வைக்காமல் கம்பி வலையிலோ சோப்புப் பெட்டியின் மேடு உள்ள தட்டிலோ வைத்தால் அடியிலும் காற்று புகும். வாரம் ஒருமுறை பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, கவிழ்த்துக் காயவைத்து, பிறகு பிரஷ்ஷை வையுங்கள். இதற்குச் சமையல் ஸ்பாஞ்சை எடுக்காதீர்கள்.

கரப்பான் பூச்சியும் மூடியும்

பிரஷ்ஷை மூடாமல் வை என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். நம் ஊரில் அதைக் கேட்டதும், கரப்பான் வந்தால் என்ன செய்வது என்றுதான் தோன்றும். நியாயமான பயம். ராத்திரியில் ஈரத்தையும் பேஸ்டின் இனிப்பையும் தேடிக் கரப்பான் வரும், சாக்கடையில் ஊர்ந்த காலோடு நாரின் மேல் ஏறும். பல்லி எச்சமும் விழும்.

அதற்காக மூடி போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறுக மூடும் பிளாஸ்டிக் மூடிக்குள் ஈரப் பிரஷ்ஷைப் போட்டால் அரை மணியில் உள்பக்கம் வியர்த்துவிடும். அது வாயிலிருந்து வந்த கிருமிக்கு நாமே வீடு கட்டிக் கொடுப்பது போல. அதனால் முதலில் காயட்டும். இரவு துலக்குவதைப் படுக்கும் கடைசி நிமிடத்துக்குத் தள்ளாமல், சாப்பிட்டு முடித்த அரை மணியில் முடித்துவிட்டால், படுக்கைக்குப் போகும்போது பிரஷ்ஷின் மேல்ஈரம் போயிருக்கும். அப்போது சுற்றிலும் ஓட்டை உள்ள மூடியைப் போடுங்கள். இருக்கும் மூடியில் ஒரே ஓட்டைதான் என்றால் சூடான ஊசியால் ஏழெட்டு ஓட்டை சேர்த்துவிடலாம். கொசுவலைத் துணியில் சிறு பை தைத்து ஸ்டாண்ட் முழுவதும் கவிழ்ப்பது இதைவிட நல்லது. காற்று தடையில்லாமல் போகும், பூச்சி நுழையாது. மூடியையும் பையையும் வாரம் ஒருமுறை துவைத்துக் காயவைக்க வேண்டும்.

மூலகாரணத்தையும் பாருங்கள். தண்ணீர் போகும் வாயில் ஜாலியை ராத்திரி மூடி வையுங்கள். வாஷ்பேசின் குழாய் சுவருக்குள் போகும் சந்தை வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள். கரப்பான் மருந்து அடிக்கிற நாளில் பிரஷ், ட்யூப், நாக்கு வழிப்பான் மூன்றையும் வேறு அறைக்கு எடுத்துப் போய்விடுங்கள். காலையில் நாரில் பூச்சி எச்சமோ கடித்த தடமோ தெரிந்தால் அந்தப் பிரஷ்ஷைக் கழுவிப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

மழைக்காலத்துக்கு இரண்டு பிரஷ்

ஐப்பசி, கார்த்திகையில் கடலோர மாவட்டங்களில் துணியே இரண்டு நாள் காயாது. பிரஷ் மட்டும் எப்படிக் காயும்? காலையிலும் இரவிலும் துலக்குபவருக்கு நடுவே இருப்பது பன்னிரண்டு மணி நேரம்தான். இதற்கு எளிய வழி, ஆளுக்கு இரண்டு பிரஷ். காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று வெவ்வேறு நிறத்தில் வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் இருபத்துநாலு மணி நேரம் கிடைக்கும். செலவும் பெரிதாகக் கூடாது, நாளுக்கு ஒருமுறைதான் உழைப்பதால் நார் மெதுவாகவே தேயும். தொடக்கத்தில் சொன்ன செய்தித்தாள் சோதனையை மழைக்காலத்தில் செய்து பாருங்கள். ஈரம் விழுந்தால் ஸ்டாண்டை மின்விசிறிக் காற்று படும் இடத்துக்கு மாற்றுங்கள்.

போர்வெல் தண்ணீர் வீடுகளில் வேறொரு தொல்லை உண்டு. உப்புக் கனமான தண்ணீர் காயக் காய நாரின் அடியில் வெள்ளைப் படிவு விட்டுப்போகும். அந்தச் சொரசொரப்பில் அழுக்கு இன்னும் நன்றாக ஒட்டும், நாரும் விறைத்து ஈறைக் கீறும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து பிரஷ் தலை மூழ்கும் அளவு ஊற்றி அரை மணி நேரம் வைத்து, கட்டைவிரலால் மடக்கி அலசினால் படிவு கரைந்துவிடும். கடைசி அலசலை மட்டும் குடிதண்ணீரில் செய்தால் படிவு சேர்வதே குறையும்.

மருந்தில் ஊறவைப்பது யாருக்கு?

முன்னே சொன்ன எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும், வாய்ப்புண்ணோ ஈறு நோயோ உள்ளவர்களுக்கும் மட்டும். அவர்கள் வாரம் ஒருமுறை செய்யலாம், அல்லது தங்கள் மருத்துவர் சொல்லும் கணக்கில் செய்யலாம். இரண்டு வழி உண்டு.

முதலாவது, மருந்துக் கடையில் கிடைக்கும் 0.2% குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ். சின்னக் கிண்ணத்தில் தலை மூழ்கும் அளவு, சுமார் 15 மில்லி, ஊற்றி இருபது நிமிடம் வையுங்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பேஸ்டில் நுரை வருவதற்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட், குளோர்ஹெக்சிடினோடு சேர்ந்து அதன் வேலையைக் கெடுத்துவிடும். பேஸ்ட் துளியும் இல்லாமல் அலசிய பிறகுதான் ஊறவைக்க வேண்டும். நாளடைவில் நாரில் பழுப்புக் கறை பிடிக்கலாம்.

இரண்டாவது, ஹைட்ரஜன் பெராக்சைடு. பிரஷ்ஷுக்கு 3% போதும். நம் மருந்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் '20 வால்யூம்', அதாவது சுமார் 6%. லேபிளைப் படியுங்கள். 6% என்றால் 10 மில்லிக்கு 10 மில்லி தண்ணீர் சேர்த்துக் கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்தில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் அலசுங்கள். மூடி போட்டு அடைக்கக் கூடாது, உள்ளே வாயு சேரும். பாட்டிலைத் திறந்து நாள் ஆகிவிட்டால் வீரியம் போய்விடும், இருட்டான இடத்தில் வையுங்கள். முடிச்சாயத்துக்காக அழகு நிலையப் பொருள் கடைகளில் விற்கும் பெராக்சைடு வேறு, அதைத் தொடாதீர்கள். பெராக்சைடையும் வினிகரையும் ஒரே கிண்ணத்தில் கலக்கவே கூடாது. கண்ணையும் மூக்கையும் எரிக்கும் அமிலம் உண்டாகும்.

எந்தக் கரைசலானாலும் ஒரு பிரஷ்ஷுக்கு ஒரு கிண்ணம், ஒருமுறை பயன்படுத்தியதும் கொட்டிவிட வேண்டும். குடும்பத்துப் பிரஷ் எல்லாவற்றையும் ஒன்றாக ஊறப்போட்டு, அதே கரைசலை ஒரு வாரம் வைத்திருந்தால் கிருமியைப் பங்கு போட்டுக் கொடுத்ததாகத்தான் முடியும்.

டெட்டால், பிளீச்சிங் பவுடர், ஃபினாயில் எதுவும் வேண்டாம். வாய்க்குள் போகும் பொருளுக்கு உரியவை அல்ல. கொதிக்கும் தண்ணீரில் போட்டால் நைலான் நார் இளகி விரிந்துவிடும், அப்புறம் ஈறோரம் துலக்க உதவாது. மைக்ரோவேவில் வைத்தால் குழிக்குள் இருக்கும் உலோகத் துண்டு பொறி பறக்கவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் கல் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். நன்றாக அலசாவிட்டால் பிரஷ் காயவே காயாது. புற ஊதா விளக்குப் பெட்டிகள் கிருமியைக் கொஞ்சம் குறைக்கும். நாரின் நிழல் விழும் அடிப்பகுதிக்கு ஒளி போகாது. அந்தக் காசுக்குப் பல வருடத்துக்குப் புதுப் பிரஷ் வாங்கலாம்.

எப்போது மாற்றுவது?

மூன்று மாதம், மிஞ்சினால் நாலு மாதம். நார் வெளிப்பக்கம் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே. பிரஷ்ஷைப் பின்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். தலையின் விளிம்புக்கு வெளியே நார் எட்டிப் பார்த்தால் காலம் முடிந்தது. ஒரே மாதத்தில் விரிகிறது என்றால் அழுத்தித் துலக்குகிறீர்கள், அதையும் திருத்த வேண்டும்.

நாள் நினைவில் நிற்காது என்பவர்கள் தமிழ் மாதத்தைப் பிடித்துக்கொள்ளலாம். தை, சித்திரை, ஆடி, ஐப்பசி ஆகிய நாலு மாதப் பிறப்பும் சரியாக மும்மூன்று மாத இடைவெளியில் வரும். பொங்கல், புத்தாண்டு, ஆடிப் பிறப்பு, தீபாவளிக்கு முன்னால் வரும் ஐப்பசி முதல் தேதி என்று வீடு முழுவதற்கும் ஒரே நாளில் மாற்றினால் யாருடையது பழசு என்ற குழப்பம் இருக்காது. கைப்பிடியில் பெர்மனென்ட் மார்க்கரால் மாதத்தின் முதல் எழுத்தைப் போட்டுவிடுங்கள்.

சாதாரணச் சளிக்காகப் பிரஷ்ஷை எறிய வேண்டியதில்லை. நோய் இருக்கும்போது அந்தப் பிரஷ்ஷைத் தனியாக வைத்தால் போதும். வாயில் கேண்டிடா பூஞ்சைக்குச் சிகிச்சை எடுத்தால் மாற்றுங்கள், பழைய பிரஷ்ஷிலிருந்து அது திரும்ப வரலாம். பல் பிடுங்கிய பிறகும் ஈறு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் புதுப் பிரஷ்ஷில் தொடங்குவது நல்லது.

அடுத்தவர் பிரஷ்ஷை ஒருநாளும் எடுக்காதீர்கள், கணவன் மனைவியானாலும், தாய் பிள்ளையானாலும். ஈறில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியும். ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடு இருக்கக் கூடியது. விருந்தாளி பிரஷ் மறந்து வந்தால் கொடுக்க, பாக்கெட் பிரிக்காத பிரஷ் இரண்டு எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

குழந்தைகள், விடுதி, பயணம்

குழந்தைகள் நாரைக் கடித்து மெல்லுவார்கள், நாலைந்து வாரத்திலேயே சப்பையாகிவிடும். அவர்கள் பிரஷ்ஷை மாதா மாதம் பாருங்கள். ஏழெட்டு வயது வரை அலசி உதறும் வேலையைப் பெரியவர்கள் பார்த்துச் செய்துகொடுக்க வேண்டும். அக்கா தம்பிக்கு ஒரே நிறத்தில் வாங்காதீர்கள்.

விடுதியில் சோப்பு, ஷாம்பூ, பேஸ்ட், பிரஷ் எல்லாம் ஒரே வாளியிலோ மக்கிலோ போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது வழக்கம். சோப்புக் குழம்பில் நார் ஊறிக்கொண்டே இருக்கும். அலசி உதறிய பிரஷ்ஷைத் துணி காயப்போடும் கிளிப்பால் கைப்பிடியில் பிடித்து, அலமாரிக் கதவின் வெளிப்பக்கமோ ஜன்னல் கம்பியிலோ நார் எதிலும் உரசாமல் மாட்டுங்கள். சோப்பு வாளிக்குப் பிரஷ் போகவே வேண்டாம்.

ரயில், பஸ் பயணத்தில் அலசி உதறிய பிறகு சுத்தமான டிஷ்யூ பேப்பரில் நாரை ஒற்றி எடுத்து, ஓட்டை உள்ள உறையில் போடுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக வெளியே எடுத்து நிறுத்துங்கள். ரயில் கழிவறைத் தண்ணீரில் அலசுவதைவிடப் பாட்டில் தண்ணீர் கால் டம்ளர் செலவழிப்பது நல்லது.

பேட்டரி பிரஷ் வைத்திருப்பவர்கள் தலையைத் தினமும் கழற்ற வேண்டும். தலை உட்காரும் தண்டின் அடியில் பேஸ்டும் எச்சிலும் சேர்ந்து கறுப்புக் கசடு கட்டும். கழற்றி, தலைக்குள் தண்ணீர் பாய்ச்சி, தண்டைத் துடைத்து, இரண்டையும் தனித்தனியே நிறுத்துங்கள். சார்ஜர் குழியையும் மின்இணைப்பை எடுத்துவிட்டு வாரம் ஒருமுறை துடையுங்கள். நாக்கு வழிப்பானுக்கு இவ்வளவு பாடு இல்லை. எவர்சில்வர் என்றால் அலசித் தொங்கவிடுங்கள், வேண்டுமானால் வெந்நீரில் கொதிக்கவும் வைக்கலாம்.

வெள்ளம் வீட்டுக்குள் வந்தால், அந்தத் தண்ணீர் பட்ட பிரஷ் எதையும் கழுவித் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். சாக்கடை கலந்த தண்ணீர் அது. குழாய்த் தண்ணீர் சரியாகும் வரை துலக்கவும் அலசவும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான்.

மாற்றிய பழைய பிரஷ் குழாய் இடுக்கு, மிக்ஸி ஜார், செருப்பு தேய்க்கப் போகும். போகட்டும், ஆனால் அது வாஷ்பேசின் பக்கம் கிடந்தால் அவசரத்தில் யாராவது எடுத்துவிடுவார்கள். வேலைக்கு ஒதுக்கும் அன்றே நாரைக் கத்தரியால் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். நார் குட்டையானால் அழுக்கும் நன்றாகப் போகும், இருட்டில் தடவினாலும் இது பல்லுக்கு உரியதல்ல என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.